மஞ்சள் நூலாரும் தென்துறை புகலாம்

மழை பிழையாது பொழிக. கலம் பிழையாது கரை சேர்க. முகில்நாடு முழுதுடையாள், காற்றுக்கு வரி விதியாத கோமகள், தேமொழி நாச்சியார், நம் வான்கலத் தென்துறையின் காவல்நாயகர் வேட்டுவராயர்க்கு விடுக்கும் ஓலை. நீரும் நும் காவலரும், நும் துறையில் ஏறுவோரும் இறங்குவோரும் நலமே வாழ்க.

நாம் இன்று பெருமகிழ்ச்சியில் இருக்கிறோம். ஆகையால் நும்மைக் கடிந்துகொள்ள எண்ணியதில் பாதியை மறந்துவிட்டோம்.

வடதுறையில் ஏறுவோரின் பயண ஓலையில் மஞ்சள் நூலும், தென்துறையில் ஏறுவோரின் ஓலையில் சிவப்பு நூலும் கட்டுவது நம் பாட்டனார் வகுத்த முறை. யார் எக்கலம் ஏறுவார் என்று அறியவே அவர் நூல் கட்டினார். நும் காவலரோ ஆளை விட்டுவிட்டு நூலைச் சோதிக்கின்றனர்.

முரசறைவோன் பூதன்தேவன் இன்று மாலை வடதுறையில் கலமேற வேண்டியவன். புதுமணப்பெண்ணான அவன் தங்கை அல்லியங்கோதை இன்று நண்பகலில் தென்துறையிலிருந்து கணவன் நாடு செல்பவள். உடன்பிறந்தான் தன் கையால் கட்டுச்சோறு கொடாமல் நம் நாட்டு மணமகள் கலத்தில் கால் வைப்பதில்லை என்பதை நீர் அறிவீர்; நும் தங்கையார் புறப்பட்ட அன்று நீர் விம்மி அழுததை நாமும் அறிவோம். அப்படியிருக்க, நும் வாயிற்காவலர் மூவர் அவனது மஞ்சள் நூலைக் கண்டு, சோறு உள்ளே போகலாம், அண்ணன் போகலாகாது என்றனராம். சோதனை என்ற பெயரால் புளிச்சோற்றை உண்டு பார்த்து, குற்றமில்லை, உப்பு மட்டும் சற்றுக் குறைவு என்று தீர்ப்பும் அளித்தனராம். அவனே ஓடிவந்து இதைச் சொல்லக் கேட்டு அவையில் நாம் சிரித்த சிரிப்பில் மணிமுடி சரிந்தது. ஆயினும், அந்தப் பெண் கலத்தின் ஏணியடியில் நின்று அழுகிறாள் என்று அவன் சொன்னபோது நமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆதலால் நாம் இடும் ஆணை: அன்றைய பயண ஓலை கையிலுடைய எவரும், நூல் எந்நிறமாயினும், உற்றாரைக் காணவோ ஒருவாய் உண்ணவோ மறுதுறைக்குள் செல்லலாம். புகும் வாயில்தோறும் உடலும் பையும் சோதிக்கப்பெறுக, அமைச்சராயினும் விலக்கில்லை. தம் கலத்தின் சங்கு ஊதுமுன் தம் துறைக்கு மீள்வது அவரவர் பொறுப்பு. சோதிப்போர் கண்ணால் சோதிக்க, நாவால் வேண்டா.

காற்று வீசும் காலமெல்லாம் இவ்வாணை நிற்க. இது நம் கை, இது நம் முத்திரை.

இவ்வோலையை ஏந்தி மூச்சிரைக்க நும்முன் நிற்பவன் அந்தப் பூதன்தேவனே. அவன் விரைந்து வர நம் குதிரையையே கொடுத்தோம். முத்திரையைப் பார்த்தது போதும், வேட்டுவராயரே. கலம் புறப்பட இன்னும் சிறிது நேரம் இருக்கிறது, கதவைத் திறவும்.