மனிசிமார் அந்தப் பக்கம்

என்ரை அண்ணைக்கு,

நீங்கள் கண்ணை மூடி நான்கு வருடமாகிவிட்டது. இவ்வளவு காலமும் உங்களுக்கு எழுத எனக்கு முகமில்லை. இப்போதும் இல்லைத்தான். ஆனால் இதைச் சொல்ல வேறு ஆளுமில்லை. நானும் குடிக்கிறேன், அண்ணை. குடித்தேன். இன்றோடு பத்தொன்பது நாள் தொடவில்லை.

தங்கச்சியோ என்று கேட்பீர்கள். கள்ளுத் தவறணைக்கு வந்து உங்கள் சைக்கிளைப் பறித்துக்கொண்டு போனவளா? உங்கள் போத்தலை வேலியடியில் கவிழ்த்து ஊற்றியவளா? ஓம், அவளேதான்.

மகள் பிறந்தபோது மாமி முட்டைக் கோப்பியில் பிராண்டி விட்டுத் தந்தார். பிள்ளை பெற்ற உடம்புக்கு மருந்து. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்ததும் மருந்து நின்றது. எனக்குத்தான் நிற்கவில்லை. பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று திரும்பத் திரும்ப எழும்பிப் பார்க்கிற பயம், அதைக் குடித்தால்தான் அடங்கியது. பிறகு, "மாமிக்குக் கால் உளைவு, பூசுறதுக்கு" என்று சொல்லி ஓட்டோக்காரரைக் கொண்டு வாங்குவித்தேன். மாமியின் கால் மூன்று வருடம் உளைந்தது.

இரண்டு மாதத்துக்கு முன், பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சரிந்துவிட்டேன். குசினி முழுக்கப் புகை. மகள்தான் என் கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பினாள். "அம்மா, எனக்கு இருமுது."

அன்று பின்னேரமே போனில் தேடினேன். எங்கள் ஊர் உரும்பிராயில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. குருநகர்ப் பக்கம், தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில், குடியை விட நினைக்கிறவர்கள் புதன்கிழமைகளில் கூடுகிறார்கள் என்று அறிந்தேன். வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வாசலில் சாரம் கட்டிய ஒரு பெரியவர் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் வலப்பக்க அறையைக் காட்டினார்.

"மனிசிமார் அந்தப் பக்கம், பிள்ளை."

எங்களூரில் பெண்ணும் மனிசி, பெண்சாதியும் மனிசிதானே. குடிக்கிறவர்களுக்கு ஓர் அறை, அவர்களின் மனைவிமாருக்கு ஓர் அறை. 'நான் மற்றப் பக்கம் ஐயா' என்று சொல்ல வாய் வரவில்லை. மனைவிமாரோடு போய் இருந்தேன்.

என் முறை வந்தது. "இவர் குடிக்கிறவர்" என்றேன். சோடா குடித்தாலே தலை சுற்றுது என்கிற மனிதர், அண்ணை!

"அடிக்கிறவரோ?" என்று பக்கத்திலிருந்த அக்கா கேட்டார்.

"இல்லை. பாலை அடுப்பிலை வைச்சிட்டுப் படுத்திடுவார்."

"பால் காய்ச்சுற புருசனோ! அப்ப உவரைத் திருத்தலாம், பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். இப்படி மூன்று கிழமை என் கதையையெல்லாம் அவர் தலையில் போட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து குடித்தேன்.

நான்காம் புதன் நல்ல மழை. "நனையாதையும், நான் கொண்டுபோய் விடுறன்" என்று இவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மண்டப வாசலில் அந்த அக்கா நின்றார். நேரே இவரிடம் வந்தார்.

"தம்பி, பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறியள். உந்தக் குடியை விட்டால் என்ன?"

"ஆர் குடிக்கிறது?"

"வெக்கப்படாதையுங்கோ. உள்ளுக்கை ஆம்பிளையள் இருக்கினம், வாங்கோ." கையைப் பிடித்து இழுக்கவே தொடங்கிவிட்டார். இவர் ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்தார்.

"அவரில்லை அக்கா" என்றேன். "நான்."

அக்கா அவர் கையை விட்டார். நான் இடப்பக்க அறைக்குள் போனேன்.

எட்டு ஆண்கள். ஒருவர் மடித்துக் கட்டிய சாரத்தை அவசரமாக இறக்கினார். இன்னொருவர் பழக்கதோசத்தில், "பிள்ளை எவடம்? ஆற்றை மகள்?" என்றார். "உது இங்கை கேக்கிறேல்லை" என்று பெரியவர் அடக்கினார். எந்த ஊர், யார் மகள் என்பது பிறந்த நாள் தொட்டு நான் கேட்டுவந்த கேள்வி, அண்ணை. அது இல்லாத ஓர் இடம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.

'நான் ஒரு குடிகாரன்' என்றுதான் அங்கே ஒவ்வொருவரும் தொடங்குகிறார்கள். நான் "குடிகாரி" என்றேன்.

"உப்பிடிச் சொல்லாதை பிள்ளை, கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார் சாரத்தை இறக்கியவர்.

"ஏன், நீ சொல்லேக்கை மட்டும் வடிவாய்க் கிடந்ததோ?" என்று பெரியவர் அவரைக் கேட்டார்.

சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. ஏனென்றால் நீங்கள் ஒருமுறை என்னைக் கேட்டீர்கள். "தங்கச்சி, உப்பிடி ஒரு கூட்டம் இருக்காம். என்னோடை வாறியோ?" கம்பஸில் யாராவது கண்டால் என்று பயந்து, சோதினை இருக்கிறது என்றேன். தனியே அந்த வாசல்வரையாவது போனீர்களா, அண்ணை? எந்தப் பக்கம் என்று யாராவது காட்டினார்களா?

அதற்குப் பிறகும் இரண்டு புதன் போய்விட்டேன். இவர் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறார். மகளைத் தரமுன் கிட்ட வந்து என் மூச்சை மணந்து பார்க்கிறார். கோபிக்க எனக்கு என்ன உரிமை? மாமி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மகளை இப்போது தன் கட்டிலிலேயே படுக்க வைக்கிறார். அந்தப் புதன்கிழமை அறையை விட்டு வெளியே வந்தால் நான் தனி.

நீங்கள் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுவீர்கள். ஒவ்வொரு முறையும் நம்பினேன், ஒவ்வொரு முறையும் பிறகு ஏசினேன். அதனால் நான் சத்தியம் பண்ணவில்லை. வருகிற புதன் நாலரை பஸ்ஸில் ஏறுவேன். குடித்திருந்தாலும் ஏறுவேன். அந்த ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன்.

கூட வராமல் விட்ட,
உங்கள் தங்கச்சி