இடுப்பு பிரித்துவிட்ட சட்டை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நலம் என்ற வார்த்தையை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. கம்பளிச் சட்டையும் குட்டித் தொப்பியும் நல்ல தையல். யார் தைத்தாலும் குறை சொல்லும் என் வாய்க்கு அதில் வேலையே இல்லை. உங்கள் தங்கைக்கு இன்னும் அதைக் காட்டவில்லை. தையல் கடையில், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நீங்கள் எடுத்ததுமே, "என்ன மாப்ளே, என் மருமகன் உதைக்கிறானா" என்று சிரிக்கிறீர்கள். நான் வேறு எதையாவது பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அவள் வயிற்றில் பிள்ளை இல்லை மச்சான். இருந்ததும் இல்லை. அத்தனையும் தண்ணீர். நீர் கோத்து வயிறு வீங்கியிருக்கிறது.

இதை என் கையால் எழுதிய பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. படித்தவர்கள் ஏன் முன்பே டாக்டரிடம் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. முன்பெல்லாம் நாள் தள்ளிப்போனதுமே சோதித்துப் பார்ப்போம். இல்லை என்று தெரிந்ததும் வீடு இழவு வீடாகிவிடும். இந்தத் தடவை எதையும் பார்க்க வேண்டாம், வயிறே சொல்லட்டும் என்றாள். வயிறும் சொன்னது. சாயங்காலமானால் உடம்பு சுட்டது, பிள்ளைச்சூடு என்றாள். சோறு இறங்கவில்லை, மசக்கை என்றேன் நான். இந்த வயதில் இதுவா என்று ஊர் சிரிக்குமே என்ற கூச்சம் வேறு இரண்டு பேருக்கும்.

நானோ அளவெடுத்துப் பிழைக்கிறவன். அவள் சட்டைகளின் இடுப்பை மறுபடி மறுபடி பிரித்துவிட்டேன். அதே சட்டைகளில் தோளும் கையும் தொளதொளவென்று தொங்கியதால் அங்கே பிடித்தும் தைத்தேன். ஒரே உடம்புக்கு ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைக்கிறோமே என்று தையல்காரன் புத்திக்கு உறைக்க வேண்டாமா? உள்ளே இருக்கிறவன் அம்மாவையே தின்று வளர்கிறான், தாய்மாமனைப் போல நல்ல சாப்பாட்டுக்காரன் என்று கேலி பேசிக்கொண்டே மிஷினை மிதித்தேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கருவியை வயிற்றின்மேல் திரும்பத் திரும்ப நகர்த்திப் பார்த்தார். திரை முழுக்கக் கறுப்பு. வயிற்றில் தண்ணீர்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். உங்கள் தங்கை முகம் மாறாமல், "பிள்ளைன்னா தண்ணிக்குள்ளதானே டாக்டர் இருக்கும்" என்றாள்.

மறுநாள் தண்ணீரை எடுத்தார்கள். இடதுபக்க அடிவயிற்றை மரக்கவைத்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியை இறக்கினார்கள். இளமஞ்சளாக வந்தது. முதலில் வந்ததைச் சின்னக் குப்பிகளில் பிரித்து வைத்தார்கள்: கிருமி இருக்கிறதா, எந்த வகை அணுக்கள், புரதம் எவ்வளவு, புற்றுநோய் அணு ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. கையிலிருந்து ரத்தமும் எடுத்தார்கள். மீதித் தண்ணீரைக் குழாய் வழியாகப் பெரிய பாட்டிலில் வடியவிட்டார்கள். மூச்சு லேசாகும் என்று நர்ஸ் சொன்னது உண்மைதான், லேசாயிற்று. ஆனால் வயிறு இறங்க இறங்க அவள் அதன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் சத்தமில்லாமல் அழுது நான் பார்த்ததில்லை.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ரத்தத்தில் இருக்கும் புரதத்தையும் தண்ணீரில் இருக்கும் புரதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கல்லீரல் காரணம் இல்லை என்றார் டாக்டரம்மா. குடல்களை மூடியிருக்கும் சவ்வில்தான் நோய். ஒன்று காசநோய், அது வயிற்றிலும் வருமாம்; இல்லையென்றால் புற்றுநோய். காசநோய் என்றால் மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடுமாம். மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் பெண்டாட்டிக்கு வந்திருப்பது காசநோயாகவே இருக்கவேண்டும் என்று சாமியிடம் கெஞ்சுகிறேன் மச்சான். பிள்ளை வரம் கேட்ட அதே வாயால். எப்பேர்ப்பட்ட நிலைமை என்று பாருங்கள்.

தண்ணீரில் புற்றுநோய் அணு எதுவும் தெரியவில்லை என்று நேற்றுச் சொன்னார்கள். காசநோய் இருந்தால் கூடும் ஒரு பொருளின் அளவும் அதில் கூடுதலாக இருக்கிறதாம். நான் கும்பிட்டுவிட்டேன். ஆனால் தெரியவில்லை என்பதாலேயே இல்லை என்று ஆகிவிடாது, அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள் என்றார் டாக்டரம்மா. அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டதன் பலனை நான் பார்த்தாயிற்று. வரும் திங்கட்கிழமை வயிற்றில் சிறு துளை போட்டு, கேமராவை விட்டு, அந்தச் சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுக்கப் போகிறார்கள். அதில்தான் எல்லாம் தெரியும்.

அவள் இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள். சட்டை இடுப்பில் நிற்கவில்லை, பிடித்துத் தைத்துக் கொண்டுவா என்று கொடுத்தனுப்பினாள். அது கடையில் என் முன்னால்தான் கிடக்கிறது. இன்னும் ஊசியில் நூல் கோக்கவில்லை.

பிரசவத்துக்கு வருவதற்காக லீவு சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் மச்சான், முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். நேற்று நான் அவளுக்குத் தலை வாரிவிட்டபோது, "மருமகன் இல்லேன்னு தெரிஞ்சா அண்ணன் வருவாரா" என்று கேட்டாள். வருவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் கொடுத்த வார்த்தை அது. அதை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் மாப்பிள்ளை