சனிக்கிழமை எண்ணெய், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

சம்பந்தியம்மா,

முதலில் ஒரு திருத்தம். நான் அல்சூர் வீட்டுக்கு உங்களோடு சண்டை போட வந்தேன் என்று பதினைந்து வருடமாக உறவில் ஒரு கதை ஓடுகிறது. நீங்கள் காலமான பிறகு மறுக்க ஆளில்லாமல் அது இன்னும் பெருத்துவிட்டது. இன்று காலையும் கூடத்தில் அதே கதை, அதே சிரிப்பு. நம் பேத்தி நித்யாவின் கல்யாணத்துக்கு அரைத்து வந்த சீயக்காய்ப் பையை அப்போது நான் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனையோடு உங்கள் நினைவு வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

நான் அன்று வந்தது மன்னிப்புக் கேட்க. சத்தம் போட்டது ஆட்டோக்காரரிடம்.

தொண்ணூற்று மூன்று. உங்கள் மகனும் என் மகள் மாலதியும் விவாகரத்துக்கு மனு போட்டிருந்த வருடம். எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த வார்த்தையை நான் முழுதாகவே சொன்னேன். குசுகுசுவென்று பேசுவது எனக்குப் பிடிக்காது. வீட்டுக்குள் அவ்வளவு நிமிர்வு இல்லை. மாலதி தட்டின் முன்னால் உட்கார்ந்து, பிசைந்த கை காய்ந்ததும் எழுந்து போய்விடுவாள். ஏழு வயது நித்யா சனிக்கிழமை உங்கள் வீட்டில், ஞாயிறு காலையிலிருந்து என்னிடம். கோர்ட் உத்தரவு. வாரம் தவறாமல் அவளுக்குச் சளி. ஒரு வாரம் காய்ச்சலும் வந்தது.

"அங்க குழந்தையைக் கவனிக்கிறதில்லைன்னு ஒரு ஸ்டேட்மென்ட் குடுங்கம்மா. சனிக்கிழமையை நிறுத்திடலாம்" என்றார் எங்கள் வக்கீல். கான்வென்ட்டில் கற்ற கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினேன். கீழே பெயரைப் போடப் போகையில் நித்யா வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"அங்கயும் எண்ணெய், இங்கயும் எண்ணெய். என் தலை என்ன தோசைக்கல்லா?"

பேனாவை மூடினேன். பெண் பிள்ளைக்குச் சனிக்கிழமையில் எண்ணெய் வைக்கமாட்டீர்கள் என்று நானே முடிவு செய்து, ஞாயிறுதோறும் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்களோ, கான்வென்ட்காரி வீட்டில் எண்ணெய்க் குளியல் ஏது என்று நினைத்துச் சனிக்கிழமையே வைத்திருக்கிறீர்கள். இரண்டு குளியலும் சேர்ந்துதான் சளி. குழந்தையும் அதுவரை வாய் திறக்கவில்லை. தலைக்குக் குளித்தால் இரண்டு வீட்டிலும் அப்பளம் பொரிப்போமே, சொன்னால் ஒரு வீட்டு அப்பளம் போய்விடுமே!

மழையில் கிளம்பினேன். உங்கள் சந்து முனையில் ஆட்டோக்காரர் "ஒளகே ஹோகல்லம்மா" என்று, உள்ளே வர மறுத்து நிறுத்திவிட்டார். அவரிடம் நான் பேசிய கன்னடத்தைத்தான் உங்கள் தெருவே கேட்டது. நீங்களும் கேட்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து, "வாங்க சம்பந்தி. மொதல்ல காபி, அப்புறம் சண்டை" என்றீர்கள்.

உட்காராமலே சொன்னேன். "தப்பு என்னுது. ரெண்டாவது எண்ணெய் நான் வெச்சது."

அந்த முதல் இரண்டு வார்த்தைகளை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. பாவம், கண்மூடும்வரை காத்திருந்தார்.

நீங்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தீர்கள். உங்கள் வக்கீலுக்கு எழுதியது. எங்கள் வீட்டில் குழந்தையைக் கவனிப்பதில்லையாம்! "உங்களை மாதிரி அழகா எழுத வராதேன்னு வெக்கப்பட்டுக் குடுக்காம வெச்சிருந்தேன்" என்று அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தீர்கள்.

"நாம வாயால பேசினா ஆகாது சம்பந்தி. எழுதிக்கலாம்" என்றதும் நீங்கள்தான். ரூல் போட்ட ஒரு நோட்டு. இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். வாரம் ஒரு தடவை நித்யாவின் பையில் போய் வந்தது.

"மாலதி சாப்பிடுறாளா?" மூன்றாம் பக்கத்திலேயே கேட்டிருக்கிறீர்கள், உங்கள் மகனை விட்டு வந்தவளைப் பற்றி. "அரைத் தட்டு" என்று எழுதினேன். அடுத்த வாரம் நோட்டோடு ஒரு டப்பா வத்தக்குழம்பும் வந்தது. மாலதி மறுசோறு கேட்டாள். அதை நான் உங்களுக்கு எழுதவில்லை, கொஞ்சம் பொறாமை. இப்போது எழுதுகிறேன்.

விவாகரத்து ஆனது. சனிக்கிழமை நிற்கவில்லை.

இந்த வாரம் நலங்கு. மாலதியும் இருப்பாள், உங்கள் மகனும் வருகிறார். சுமங்கலி இல்லாவிட்டாலும் மூத்தவள் நான்தான் முதல் எண்ணெய் வைக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் நலங்கு சனிக்கிழமையில் வருகிறது. அது உங்கள் முறை. ஒரு சனிக்கிழமையைக்கூட உங்களிடமிருந்து நான் எடுத்ததில்லை.

அதனால் நம் நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசித் தாளில் இடது பக்கம் எழுதியிருக்கிறேன்: இந்தச் சனிக்கிழமை எண்ணெயை உங்களுக்காக நான் வைக்கலாமா?

வலது பக்கம் காலியாக இருக்கிறது. பதிலை எழுத்தில் தரவும்.