இருவர் சம்மதம்

இஞ்சாருங்கோ,

நீங்கள் ஷிப்டுக்குப் போனபிறகு, வெளியூருக்குப் படிக்கப் போய்விட்ட மகளின் அறையிலிருந்து உங்கள் தலையணையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் படுத்திருந்தேன். இந்த லண்டன் ஹவுன்ஸ்லோவின் விமானங்கள் தாழப் பறக்க, அவற்றின் நிழல் திரைச்சீலையைத் தொட்டுத் தொட்டுப் போனது. தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது.

தவக்காலம் தொடங்கிய அன்று, "செபிக்க வேணும், தனியப் படுக்கப் போறன்" என்று அந்த அறைக்குப் போனீர்கள். நாற்பது நாளும் முடிந்து உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது; நீங்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

நேற்றுக் கோயில் மண்டபத்தில் பாதர் ஆதித் திருச்சபையைப் பற்றிப் பேசினார். அந்தக் காலத்து உரோமையருக்கு மனைவியின் உடல் கணவனுடையது, அவ்வளவுதான். கணவனின் உடலும் மனைவிக்கே சொந்தம் என்று திருத்தூதர் பவுல் தன் கடிதத்தில் எழுதியபோது எத்தனை ஆண்கள் திகைத்திருப்பார்களோ! செபத்துக்காகப் பிரிந்திருக்கலாமாம். ஆனால் இருவரும் சம்மதிக்க வேண்டும், அதுவும் கொஞ்சக் காலத்துக்குத்தானாம்.

பக்கத்திலிருந்த அஜந்தா, "என்னக்கா, தனியச் சிரிக்கிறியள்?" என்றாள்.

தனியப் படுக்கப் போன அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

தலையணை இனி இங்கேதான் இருக்கும். தனியப் படுக்கட்டா என்று வந்து இப்போது கேளுங்கோ. ஏலாது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிடுகிறவள்