ஆயில் பார்க்காத மனுஷன்

என் மேஜைமேல் உன் பிஸ்டன் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இரண்டு பேனா, ஒரு பென்சில், காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று. பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோல் நாலு கோடு. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஏழு வருடம் கழித்தும் கருகிய ஆயில் வாசனை வருகிறது என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். என் மனைவியும் முகர்ந்தாள். "துருப்புடிச்ச இரும்பு வாசனதான் வருது" என்றாள். பிஸ்டன் அலுமினியம், அது துருப்பிடிக்காது என்பதை நாற்பது நிமிடத்தில் சுருக்கமாக விளக்கினேன். இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே அவள் எழுந்து போயிருந்தாள்.

இதைக் கொண்டுவந்து கொடுத்தவள் உன் மகள் ஹேமா. மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உன் வண்டியிலேயே வந்தாள். தெருமுனையில் சத்தம் கேட்டதும் நான் பனியனோடு வாசலுக்கு ஓடினேன். யார் வருகிறார்கள் என்று நினைத்து ஓடினேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நைனா அலமாரிய ஒழிச்சிக்கினு இருந்தோம் மாமா. இதெல்லாம் உங்களுக்குத்தான் புடிக்கும்னு அம்மா குடுத்து அனுப்பிச்சாங்க" என்றாள். பிறகு வண்டியைத் தட்டிக்கொடுத்தபடி, "நா நைனா மாதிரி இல்ல மாமா. தெனம் ஆயில் பாத்துட்டுத்தான் கெளம்பறேன். இன்னொரு வாட்டி இந்த என்ஜின் இறுகக்கூடாது" என்றாள்.

நான் பாராட்டுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். "சபாஷ்" என்றேன். அவள் வண்டியைக் கிக்கரின் ஒரே உதையில் உயிர்ப்பித்து, பாதி ஆரணங்கும் பாதி ஆர்.டி.ஓ.வுமாகப் போய்விட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஓய்வே எடுக்காத என் நாக்கு அன்று சாயங்காலம் வரை படுத்தே கிடந்தது.

அதற்கு உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு காரணம் உண்டு. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நம் சபையை நினைத்துப் பார்க்கிறேன். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் அந்த டீக்கடை. ஞாயிறு காலை ஆறு வண்டிகள், ஆறு மகா மேதைகள். எவன் வண்டி இருமினாலும் ஆறு வைத்தியம் வரும். செயினை இறுக்கு என்பான் ஒருவன்; தளர்த்து என்பான் அடுத்தவன்; சைலன்சரை அறுத்து எறி என்பான் மூன்றாமவன். டீக்கடைக்காரர், "ஏமி சார், மீட்டிங்கா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுக் கிளாசுகளைத் தூரமாக நகர்த்தி வைப்பார். நாம் பேசும்போது கை வீசுவோம் என்று அவருக்குத் தெரியும்.

அந்த அராஜகத்துக்கு முடிவு கட்டியவன் நீ. நம்மில் ஒருவர் இன்னொருவருக்குப் பிரேக் கம்பியைப் பற்றி ஞானம் வழங்கி, ஞானம் பெற்றவர் நேராகப் போய் வைக்கோல் வண்டிக்குள் நுழைந்த வாரம் அது. நீ டீயை வைத்துவிட்டு எழுந்தாய். "இனிமே ஒரு சட்டம். எவன் யோசன சொல்றானோ, வேல முடிஞ்சதும் மொதல் ஓட்டத்துல அவன்தான் பின்சீட்ல ஒக்காரணும். வாயால சொன்னா போதாது, இடுப்ப வச்சிச் சொல்லு" என்றாய்.

அடுத்த ஞாயிறு நம் சபையில் அப்படி ஓர் அமைதி. காக்கை கரைந்தது கேட்டது. பக்கத்து ஊரில் யாரோ தோசை திருப்பியதுகூடக் கேட்டது. யோசனைகள் பத்தில் ஒன்றாகச் சுருங்கின. ஒருவர் கிளட்ச் பற்றி வாய் திறந்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் நல்லவிதமாக நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் பின்சீட்டில் ஏறினார்.

அந்தச் சட்டத்துக்கும் அஞ்சாதவன் ஒருவன் இருந்தான். சர்வே ஆபீசில் வயல் வரப்பைச் சாண் பிசகாமல் அளந்துவிட்டு, வெளியே வந்ததும் எல்லாவற்றையும் குத்துமதிப்பாகச் சொல்லும் அடியேன்.

உன் முந்நூற்றைம்பது சிசி வண்டி யானை மாதிரி பெட்ரோல் குடிக்கிறது என்று நீ சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாய். எனக்கு அது போதாதா? கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு. அதில் கடுகு போல ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் என்ஜினுக்குப் பெட்ரோல் போகிறது. அதைவிடச் சின்ன ஓட்டையுள்ள ஜெட்டைப் போட்டால் மைலேஜ் கூடும் என்றேன். ஒரு டேங்கில் காசி போய் வரலாம் என்றும் சொன்னதாக ஞாபகம்.

"யோவ், பெட்ரோல் கொறஞ்சா என்ஜின் சூடாவாதா?" என்று கேட்டாய்.

"சூடு என்பதெல்லாம் மனநிலைய்யா" என்றேன்.

நீ சிரித்தாய். உனக்குச் சந்தேகம் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிறு மாலை என் கண்முன்னே ஜெட்டை மாற்றினாய். நான் அவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை உன் போன். ஹேமாவுக்குத் திருப்பதியில் கல்லூரிக் கவுன்சலிங். முந்தின நாளே போய்த் தோழி வீட்டில் தங்கியிருந்தவள் ஒரிஜினல் சர்டிபிகேட் பைலை வீட்டிலேயே மறந்துவிட்டாள். "கெளம்பு, பின்னாடி ஏறு. சொன்னவன் நீதான?" என்றாய். பைல் என் மடியில். கிளம்புமுன் நீ மஞ்சள் துணியால் ஆயில் குச்சியைத் துடைத்து, முக்கிப் பார்த்து, மறுபடி துடைத்து வைத்தாய். சாமி கும்பிட மறந்தாலும் நீ அதை மறந்ததில்லை. அன்றும் மறக்கவில்லை.

சந்திரகிரிக் கோட்டை மலை கண்ணில் பட்ட இடத்தில் வண்டியின் குரல் மாறியது. தொண்டை கட்டிய பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போனதுபோல் மெலிந்தது. நான் பின்னாலிருந்து, "பார்த்தியா, என்ஜின் லேசாயிடுச்சு!" என்று கத்தினேன். அடுத்த நொடி பின்சக்கரம் தரையைக் கவ்வி இழுத்தது. உன் இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்மேல் இருக்கும். அந்த இரண்டு விரல்தான் அன்று நம் இருவரையும் காப்பாற்றியது. கிளட்சை அழுத்தியதும் சக்கரம் பிடி தளர்ந்து, வண்டி சத்தமில்லாமல் உருண்டுபோய் ஓரத்தில் நின்றது.

நீ இறங்கி உட்கார்ந்தாய். துணியைச் சுற்றி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாய். அதன் மூக்கு சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் வெந்த என்ஜினின் அடையாளம் அது. ஆயில் குச்சியை எடுத்தாய். ஆயில் மேல்கோடு வரை இருந்தது. இரண்டையும் ஒரு நிமிடம் என் முகத்துக்கு நேராகப் பிடித்தாய். பிறகு குச்சியைத் திருப்பிச் செருகி, பிளக்கை ஜேபியில் போட்டுக்கொண்டு, "சரி வா, ஆட்டோ புடிப்போம்" என்றாய்.

நாம் போய்ச் சேர்ந்தபோது ஹேமா வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய பேரைக் கூப்பிட்டு ஒரு மணிநேரம் ஆகியிருந்தது. "பேரு பிலிச்சேசாம் கதம்மா" என்று அங்கிருந்த குமாஸ்தா தெலுங்கில் கையை விரித்தார். அவள் கெஞ்சிக் கூத்தாடி, கடைசி ஆளாக உள்ளே போய், கேட்ட பிரிவு கிடைக்காமல் வேறு பிரிவில் இடம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா நைனா ஆச்சு? இன்னிக்குத்தான் வண்டி நிக்கணுமா?"

நான் வாய் திறக்க மூச்சு இழுத்தேன். இழுத்தேன் என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "ஆயில் பாக்காம வந்துட்டேன் கண்ணு. என் தப்பு."

உலகத்துக்கே விளக்கம் சொல்கிற இந்த வாய் பக்கத்துக் குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "என்னை ஒரு வாரம் திட்டுவாங்க, அப்புறம் சோறு போட்டுத்தான ஆவணும்? உன்னத் திட்டுனா நீ எங்க வூட்டுப் பக்கமே வரமாட்ட. ஞாயித்துக்கெழமல நா யாருகூட சண்ட போட்றது?"

ஒரு வாரத்தில் அது முடியவில்லை. நீ செருப்பு மாட்டும்போதெல்லாம் உன் மனைவி, "ஆயில் பாத்தாச்சா?" என்பாள். கேஸ் தீர்ந்தால் ஆயில், கரண்ட் பில் மறந்தால் ஆயில். உன் வீட்டு விருந்துகளில் நானும் அந்த வேடிக்கையில் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நீயும் என்னைப் பார்த்துச் சிரிப்பாய். கண்ணில் ஒரு குறும்பு இருக்கும், குத்தல் இருக்காது.

இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை, மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது குடிபாலா ஊரிலிருந்து வந்த உன் அத்தை எல்லோருக்கும் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்: "வண்டிக்கு ஆயில் பாக்காதவன், ஒடம்ப எங்க பாத்துக்கினான்?" கூடம் முழுவதும் தலையாட்டியது. ஹேமா தலையைக் குனிந்துகொண்டாள்.

நானும் தலையாட்டினேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

உன் பிரஷர் மாத்திரைப் பட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். டீக்கு முன்னால் ஒன்று, தவறாமல் போடுவாய். எத்தனையோ ஞாயிறு நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நம் ஆறு பேரில் நட்டுக்கு வாஷர் போட மறக்காத ஒரே ஆள் நீ. உன் மகள் உன்னைக் கவனக்குறைவான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தவறைத் தான் செய்யக்கூடாது என்று தினமும் சபதம் எடுத்து வண்டி ஓட்டுகிறாள்.

நாலு நாள் பிஸ்டனை வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் காலை உன் வீட்டுக்குப் போனேன். ராஜராஜன் தோரணையில் ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். வாசலில் உன் செருப்பு இன்னும் இருந்தது, உரை மறந்துவிட்டது.

"அந்த என்ஜினக் கெடுத்தது நான்தாம்மா" என்று ஹேமாவிடம் சொன்னேன். "அவன் ஆயில் பார்த்தான். என் கண்ணு முன்னாடி ரெண்டு தரம் பார்த்தான். சின்ன ஜெட் போடச் சொன்னது நான். பிளக் வெளுத்திருந்தத எனக்குக் காட்டினான். வெளிய சொல்லல."

உன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இன்னா அண்ணா சொல்றீங்க? ஏழு வருஷமா அவர நா கேக்காத கேள்வியில்ல..." என்று பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். பாத்திரம் ஒன்று பலமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. அது என்னை நோக்கி வரும் என்று தயாரானேன்.

ஹேமா வாசலுக்குப் போய் உன் செருப்பை நேராக்கி வைத்தாள். பிறகு, "ஐசியூ வாசல்லகூட நா அவர அதச் சொல்லித்தான் திட்டினேன் மாமா. 'எதத்தான் ஒழுங்கா பாத்த நைனா'ன்னு. சிரிச்சாரு" என்றாள்.

விளக்கம் சொல்லும் இந்த வாய் அன்றும் தண்ணீர்க் குழாயைத் தேடியது.

உன் மனைவி தட்டில் நாலு இட்லியோடு திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. "துன்னுட்டுப் போங்க. ஆனா ஒண்ணு அண்ணா. அன்னிக்குக் கூடத்துல கேட்டவங்க அத்தன பேர்கிட்டயும் நீங்களே நேர்ல போய்ச் சொல்லணும். போன்ல இல்ல."

பதினோரு வீடு. பெரிய மகான்கள்கூட இப்படிப் பாத யாத்திரை போயிருக்க மாட்டார்கள். நகரியில் உன் சித்தப்பா தறியை நிறுத்தாமலே கேட்டார். சத்தத்தில் மூன்று தரம் உரக்கக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்கும் சேர்த்தே போய்ச் சேர்ந்தது. குடிபாலா அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப மாத்திரய நிறுத்தச் சொன்னதும் நீதானா?"

"அவன் நிறுத்தவே இல்லை அத்தே. நாள் தவறாமப் போட்டான்."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நானும் வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மோர் கொண்டுவரப் போனார்.

நம் சபை இப்போது வாட்ஸ்அப் குழுவாகப் பெருத்திருக்கிறது, தெரியுமா? உலகத்தில் பாதிப் பேர் அதில் நிபுணர்கள். மீதிப் பாதி அட்மின்கள். அங்கேயும் எழுதிப் போட்டேன். முதல்முறையாகக் குழு மௌனமானது. பிறகு ஒருவர், "ஜெட் நம்பர் என்ன?" என்று கேட்டார். இரண்டு பேர் எனக்குத் திருத்தம் சொன்னார்கள். நீ இருந்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பாய்.

நேற்று ஹேமா கூப்பிட்டாள். குரலில் பழைய நெருக்கம் முழுசாக வரவில்லை. வரும்போது வரட்டும், அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

"மாமா, நைனா வண்டி ஏத்தத்துல கொஞ்சம் தெணறுது. இன்னா பண்லாம்?"

என் நாக்கின் நுனியில் ஒன்பது வைத்தியம் வந்து வரிசையில் நின்றது. கார்புரேட்டர், வால்வு, செயின், கிளட்ச் தட்டு என்று ஒவ்வொன்றும் என்னை முதலில் சொல், என்னை முதலில் சொல் என்று இடித்தது.

"தெரியலம்மா. பார்க்காம எப்டிச் சொல்றது?" என்றேன்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

"அலோ? மாமாதான பேசறது?" என்றாள்.

நான்தான் என்று அவளை நம்பவைக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை டூல் பையோடு போகிறேன். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தை அவளையே பார்க்கச் சொல்லப் போகிறேன். என்ன கோளாறு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதை மறுபடியும் அவளிடமே சொல்ல வேண்டியிருந்தால், அதையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.