காப்புக் கட்டிய கை

22 ஜூலை 2025, செவ்வாய்
அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியாயிற்று. கோயில் தலைவர் வல்லிநாயகம் அண்ணாச்சிக்குக் காப்புக் கட்டினார்கள். இனி கொடை முடியும்வரை அவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது, கவிச்சி ஆகாது. மகள் அபி முதல்முறையாக முளைப்பாரி எடுக்கிறாள். அவளும் அவள் அம்மா பேராச்சியும் விரதம். வீடெல்லாம் கும்மிப் பாட்டு. நானும் கை தட்டினேன். தாளம் என் ஆட்டோ இன்ஜின் மாதிரி விட்டு விட்டு விழுந்தது.

25 ஜூலை, வெள்ளி
குற்றாலம் சவாரி. நல்ல சாரல். லாட்ஜ் வாசலில் ஆளை இறக்கித் திரும்பினால் அங்கன அண்ணாச்சி! முன்னால் கோழி வறுவல். என்னைக் கண்டதும் காப்பைத் துண்டால் மூடினார். கோழியை மூடவில்லை.
"அருவித் தண்ணி எல்லாத்தையும் கழுவிரும்லே. நீ வெளிய சொன்னா கொடைதான் நிக்கும். ஒம்மவதான் அழுவா."
எம்மவளக் காட்டி என்னைய மிரட்டுதான். நான் என்ன செஞ்சேன்? 'சரி அண்ணாச்சி'ன்னு வண்டிய எடுத்தேன். தூ.

26 ஜூலை
மூன்று பேரிடம் எரிந்து விழுந்தேன். அதில் ஒருவர்கூட வல்லிநாயகம் இல்லை.

27 ஜூலை, ஞாயிறு
பொறுக்க முடியாமல் பேராச்சியிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.
"எம்புள்ள வயித்தக் கட்டிக்கிட்டு ஆடுதா. அவரு கோழி திங்காரா? ஊர்க்கூட்டத்துல நீங்க சொல்லுதீயளா, நான் சொல்லட்டா?"
கட்டின நாளிலிருந்து இந்தப் பொம்பளைக்குத்தான் பயப்படுகிறேன்.

28 ஜூலை, திங்கள்
கூட்டத்தில் சொன்னேன். நான் குடித்துவிட்டுப் பார்த்திருப்பேன் என்றார் அண்ணாச்சி. நாலு பேர் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.
"அப்பம் அம்மன் முன்னால காப்பத் தொட்டு, போகலைன்னு சொல்லுங்க."
தொடவில்லை. முகம் கறுத்து, காப்பை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.
இனி முளைப்பாரிக்கு முன்னால் நடப்பது யார்? விரதம் இருந்தவருக்குத்தான் கட்டுவேன் என்றார் பூசாரி பலவேசம். ஆம்பளைகள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். புதன்கிழமை மீன் தின்ற வாய் என்னுடையது. கடைசியில், முளைப்பாரிப் பிள்ளைகளோடு விரதம் இருந்த பேராச்சி எழுந்து கையை நீட்டினாள்.

29 ஜூலை, செவ்வாய்
கொடை. பேராச்சி முன்னால், அபி பின்னால். கும்மி தொடங்கியதும், கூட்டத்தில் சிரித்த நாலு பேரும் ஆடினார்கள். கோபம் தீராமலே நானும் ஆடினேன்.

10 ஆகஸ்ட்
வாசலில் ஊர்ப் பெரியவர்கள். "மணிமுத்து, பேராச்சி அக்கா இருக்காகளா? கோயில் விஷயம்."
உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன்.