டாக்டரிடம் மறைத்த வீக்கம்

ஐப்பசி 14, வியாழன்.

அம்மாவின் கணுக்கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற இன்று திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மில்லில் நின்றே வேலை பார்த்ததால் வந்த புண் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்திருந்தோம். அது மட்டுமில்லையாம். அம்மாவின் ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடுகிறதாம், பிள்ளைகளுக்கும் அது வரலாமாம். சொல்லிவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார்.

"உனக்குக் கால் வீக்கம், வலி ஏதும் உண்டாம்மா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயத் தொறந்தா முத்து உதுந்துரும் சார் இவளுக்கு," என்றாள் அம்மா. "ஒண்ணும் கெடையாது. நல்லாத்தான் நடக்கா."

நர்ஸ் சிரித்தாள். நானும் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டேன். அவர் முன்னால் பாவாடையை உயர்த்தவேண்டி வருமே என்ற கூச்சம்.

நாலு நாளாக இடது கெண்டைக்கால் வலிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பால் அளந்தேன். வலதைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல். தொட்டால் சுடுகிறது. உறைந்த ரத்தம் நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் ஆபத்து என்றும் டாக்டர் சொன்னாரே. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று முறை படுத்துப் பார்த்துவிட்டேன்.

"ஏளா, இன்னும் ஒறங்கலையா? லைட்ட அணை," என்றாள் அம்மா, பாயில் கிடந்தபடியே.

"எம்மா, இங்கன வா. என் காலப் பாரு."

சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு எழுந்து வருகிறாள்.